கங்காணி செத்தாச்சா?

நிக்கோபாரில், கச்சால் தீவில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓர் ஓடை இருந்தது. வேலைக்குப் போகுமுன் எல்லோரும் அங்கேதான் முகம் கழுவுவோம். எல்லோருக்கும் முந்தி அவர் வந்துவிடுவார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலை மறையும்படி முங்குவார். கொஞ்ச நேரம் ஆளே தெரியாது. பிறகு புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையில் நிற்கும் எங்களைப் பார்ப்பார்.

"என்னாண்ணே, கங்காணி செத்தாச்சா?" என்று எங்களில் யாராவது ஒருத்தி கேட்பாள்.

"செத்தாச்சு தங்கச்சி. இன்னைக்கு ரொம்ப மொரண்டு புடிச்சான்" என்பார்.

நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஈரத் தலையோடு, முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனால், குழி வெட்டுகிறவர்களுக்குக்கூட அன்றைக்கு மண் கொஞ்சம் இளகியிருக்கிற மாதிரி இருக்குமாம்.

கங்காணி என்றது வேறு யாரையும் இல்லை. அவரைத்தான். இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் ஆட்களை மேய்த்த கங்காணி அவர். துரைக்கு அடுத்தபடி எங்களுக்கு அவர்தான் சாமி, அவர்தான் எமன். குடியுரிமை ஒப்பந்தத்தில் எங்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது அவரும் எங்களோடு வந்தார். மண்டபம் முகாமில் கிடந்து, மதராஸில் மறுபடி கப்பலேறி, கடைசியில் கச்சாலில் ரப்பர் தோட்டம் போடக் காடு வெட்டும் கூட்டத்தில் வந்து சேர்ந்தோம். இங்கே கங்காணியும் இல்லை, கூலியும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மண்வெட்டி. அவர் கையில் அடிபட்டவர்களும் அவரும் ஒரே வரிசையில் நின்று குழி தோண்டினார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மனைவி இலங்கையிலேயே செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு இடது காது கேட்காது. கங்காணி அடித்த அடி அது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவரை, அத்தனை ஆட்களுக்கும் நடுவில் கூப்பிட்டு நிறுத்தி, காதோடு சேர்த்து அறைந்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என்ன தப்பு செய்தாரென்று யாருக்கும் தெரியாது. "நீ என்னமோ செஞ்சிருப்ப, இல்லாட்டி அடிப்பாரா?" என்றுதான் அவருடைய அம்மாகூடக் கேட்டிருக்கிறாள். நானும் கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிக் கேட்டதற்கு, இரண்டு நாள் அவர் என்னோடு பேசாமல் இருந்தார். கச்சாலில் ரப்பர் கன்று நடும்போது, நட்டு மண் அணைத்த கன்றைத் திரும்பி வந்து பார்ப்பார். நேராகத்தான் இருக்கும். ஆனாலும் பிடுங்கி மறுபடி நடுவார். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவர் அடுத்த கன்றையும் பிடுங்குவார்.

கச்சாலுக்கு வந்த முதல் வருஷம் கங்காணி இப்படிச் சிரிக்கிற ஆளாக இல்லை. வந்த சில நாளிலேயே அவருக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. விடியுமுன்னே எழுந்து, தான் கை வைத்த ஆட்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார். அது நல்ல மேடு. மழையென்றால் வழுக்கும். தோளில் காவடிபோல் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் தகரம் கட்டி, வீடு வீடாக ஊற்றுவார். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். அம்மாக்கள் குழி வெட்டப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகை அது. அங்கேயும் பீப்பாயை நிரப்பிவைப்பார்.

யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். முகத்தைப் பார்த்தால் இழவு வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர் மாதிரி இருக்கும். முதலில் எல்லோருக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. போகப் போக அந்தத் தண்ணீர், சுமப்பவருக்கு மட்டுமில்லை, குடிப்பவருக்கும் கனத்தது. என் வீட்டுக்காரர் சில நாள், அவர் ஊற்றிவிட்டுப் போன குடத்தை அப்படியே வாழைக்குச் சாய்த்துவிட்டு, காலிக் குடத்தை மறுபடி வாசலில் வைப்பார். கங்காணி மறுபடி போய் எடுத்து வருவார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் நான் யார், இதில் சொல்ல?

கங்காணி வேதக்காரர். தோட்டத்தில் கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இலங்கையில் பேருக்குத்தான் வேதக்காரர், கிறிஸ்துமஸுக்குப் புது வேட்டி கட்டுவதோடு சரி. கச்சாலில் தமிழ்க் கோயில் இல்லை. கடற்கரையில் நிக்கோபாரிகளின் கிராமத்தில்தான் கோயில் இருந்தது. அவர்கள் எல்லோரும் வேதக்காரர்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கடைசியில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர்கள் பாஷை இவருக்குத் தெரியாது. இவர் பாஷை அவர்களுக்குத் தெரியாது. நடுவில் இருந்தது இந்தி. அதிலும் இவருக்கு ஜல்தி, பானி, இதர் ஆவ் என்று வேலைக்கு வேண்டிய நாலு சொல்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேராகப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமையானாலும் காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தைக்காக நான் அங்கே இருந்தேன். ஆபீசிலிருந்து வருகிறவர்களோடு பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் இந்தி வந்திருந்தது. அது தெரிந்துதான் வந்திருக்கிறார்.

"தங்கச்சி, சுக்கான்னா என்னா?" என்றார். அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

எனக்குப் புரியவில்லை. நடந்ததைச் சொன்னார். கோயில் முடிந்ததும் அங்கே விருந்து. வழக்கம்போல இவர் சும்மா இருக்காமல், குவிந்து கிடந்த தேங்காயை உரிக்கப் போயிருக்கிறார். கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் வந்து தேங்காயைப் பிடுங்கி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, இலையில் பன்றிக்கறியும் தாழைப்பழ மாவும் வைத்தாராம். சாப்பிட்டுவிட்டு, பதிலுக்கு என்ன வேலை செய்யட்டும் என்று கையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். குச் நஹி, ஒன்றும் வேண்டாம் என்றாராம் பெரியவர். அப்போதுதான் இவருக்கு என்னமோ உடைந்து, தான் அடித்தது, மிதித்தது, பொம்பளைகளைக் கெட்ட வார்த்தை சொன்னது எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லி அழுதிருக்கிறார். ஒரு சொல்லும் புரியாமலே பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில் இவர் ஆபீசில் காதில் விழுந்திருந்த இந்தியில் கேட்டாராம்: மாஃப் ஹோகா? மன்னிப்பு கிடைக்குமா?

"அதுக்கு அவரு, ஹோகா நஹின்னு தலைய ஆட்டிட்டாரு. கிடைக்காதுன்னுட்டாரேன்னு எனக்கு உசுரே போயிருச்சு. அப்புறம் செவுத்துல இருந்த சிலுவையக் காட்டி, ஹோ சுக்கா, ஹோ சுக்கான்னு சொல்லிச் சிரிக்கிறாரு. சுக்கான்னா என்னா?"

"ஹோ சுக்கான்னா ஆயிருச்சுன்னு அர்த்தம்ணே" என்றேன். "கானா ஹோ சுக்கான்னா சாப்பாடு ஆச்சு. காம் ஹோ சுக்கான்னா வேலை முடிஞ்சிருச்சு."

"ஆகும்னு இல்ல?"

"இல்ல. ஆயிருச்சு."

"எப்ப?"

"அது எனக்கென்ன தெரியும்? முன்னாலயே ஆனதத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் தண்ணி தூக்க வர்றதுக்கு முன்னாலயேவா?" என்று என்னையே கேட்டார். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவர் சாமி எப்போது மன்னித்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்தியில் அதுதான் அர்த்தம், அதில் சந்தேகம் இல்லை. ஆமாம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் பயந்துபோனேன். காய்ச்சல் குழந்தை விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆண்டவரு என்னைய நீதிமான்னு சொல்லிட்டாராம்டா. இந்த மூஞ்சிய" என்று அதற்கும் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலையில் யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை.

லயமே கொதித்தது. ஒரு வருஷமாகப் பழகிப்போன தண்ணீர். காலிக் குடத்தோடு மேட்டில் இறங்கிய பெண்கள், அவருக்கு மன்னிப்பு கிடைத்த அன்றைக்கு நமக்குத் தண்ணீர் போச்சு என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான்தானே சுக்காவுக்கு அர்த்தம் சொன்னவள். அவரோ வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீடு வீடாகக் கிளம்பினார். அத்தனை நாள் தண்ணீர் சுமந்தாரே தவிர, மன்னிப்பு என்று ஒருவரிடமும் வாயைத் திறந்து கேட்டதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. இப்போது கேட்டார். சிலர் போகட்டும் என்றார்கள். ஒருத்தி அவரை நிற்கவைத்து, அடுப்பில் இருந்த சோறு தீய்கிற வரைக்கும் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் அந்தத் தீய்ந்த சோற்றையே போட்டாள். கண் மங்கிய ஒரு கிழவரோ, நீ என்னை அடிக்கவே இல்லையே, அது வேறு கங்காணி என்று சாதித்தார். அடித்தேன் மாமா, நான்தான் அடித்தேன் என்று இவர் கெஞ்ச, இல்லவே இல்லை என்று அவர் மறுக்க, லயமே வாசலுக்கு வந்து சிரித்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தார். வலது பக்கமாக வந்து நின்று, கேட்கிற காதில் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஓடையில் முங்குவது ஆரம்பித்தது. தனக்குள் இருக்கிற பழைய கங்காணியைத் தண்ணீரில் முக்கிச் சாகடிக்கிறேன் என்பார். தண்ணீரும் மறுபடி சுமந்தார், ஆனால் வேறு மாதிரி. பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் கிடப்பவருக்கு, சில நாள் சும்மா தோன்றிய வீட்டுக்கு. பாட்டுப் பாடிக்கொண்டு, பாதியைச் சிந்திக்கொண்டு வருவார். அலுப்பாக இருந்தால் வரமாட்டார். அந்தத் தண்ணீரைக் குடிக்க யாருக்கும் கனக்கவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன். எல்லாம் ஆயிருச்சென்றால், பிறகு எதற்கு அந்தக் கங்காணியைத் தினமும் சாகடிக்க வேண்டும்? ஒருதரம் செத்தால் போதாதா?

"அவன் கதை முடிஞ்சிருச்சு தங்கச்சி. ஆனா அவனுக்கு அது தெரியல. காலைல எந்திரிச்சா எனக்கு முந்தி அவன் எந்திரிச்சு நிக்கிறான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப நமக்குப் புது வீடு குடுத்தாச்சு. பழைய வீட்டு எலி சாமானோட சாமானா வந்திருச்சு. எலி வந்ததுக்காக வீட்டப் புடுங்க மாட்டாங்க. அதுக்காக எலியோட படுக்க ஏலுமா? அடிக்கத்தான் வேணும்" என்றார்.

அடுத்த வருஷம் ஆபீசில் அவரை மேட் ஆக்கினார்கள். ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பி, வேலையைப் பார்க்கிற பொறுப்பு. ஏறக்குறைய பழைய கங்காணி வேலையேதான். முதலில் மாட்டேன் என்றார். எல்லோரும் அவரை மகான் மாதிரிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார். மாட்டேன் என்றது பயத்தில்தான், மகானும் இல்லை மண்ணும் இல்லை என்று ஓடையில் வைத்து எங்களிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு முறை முங்கினார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள், ரப்பர் கன்றுகள் கப்பலில் நாள்பட்டு வந்து சேர்ந்தன. வேர் காய்வதற்குள் நட்டாக வேண்டும். ஆபீசர் சாப் களத்துக்கே வந்து, இத்தனை மெதுவாகவா வேலை வாங்குவாய் என்று எல்லோர் முன்னாலும் அவரை இந்தியில் ஏசிவிட்டுப் போனார். பிள்ளைக் காம்பரா வாசலிலிருந்து பார்த்தால் களம் தெரியும். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில், நட்ட கன்றைப் பிடுங்கி மறுபடி நட்டுக்கொண்டிருந்தார். கங்காணி கூப்பிட்டார். இடது பக்கமிருந்து கூப்பிட்டதால் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு விறுவிறுவென்று போனார்.

"டேய் செவிட்டு நாயே" என்ற சத்தம் காம்பராவரைக்கும் கேட்டது. ஓங்கிய கையையும் பார்த்தேன்.

களம் முழுக்க அசையாமல் நின்றது. என் வீட்டுக்காரர் திரும்பி, கையைத் தடுக்காமல், குனியாமல் நின்றார். மழை பெய்துகொண்டிருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. கங்காணி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். செவிடாக்கியவரே செவிடு என்று சொல்லிவிட்டார். அதைவிட என்ன இருக்கிறது? கொஞ்ச நேரத்தில் எழுந்து, வலது பக்கமாகச் சுற்றி வந்து, அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக்காரர் அடுத்த குழிக்குப் போனார்.

அன்று பூராவும் லயத்தில் அதுதான் பேச்சு. மறுபடி தண்ணீர் சுமக்க ஆரம்பித்துவிடுவார், அந்த இழவு முகம் திரும்பி வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்க வேண்டுமென்றே இருந்ததோ என்னவோ, விடிந்ததும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்தார். எனக்கு மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். அவர் அப்போதுதான் ஓடையிலிருந்து தலை சொட்டச் சொட்ட வந்தார். குடத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் அந்தப் பழைய இழவு முகம் இல்லை. குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உட்காருங்க தம்பி என்றார்.

"இத நான் தூக்குறது எனக்குச் சுலபம். தூக்கிட்டா உங்க மொகத்தப் பாக்க வேண்டியதில்ல" என்றார். "நேத்து நான் செஞ்சதுக்கு எதத் தூக்கினாலும் ஈடு இல்ல. எங்க ஆண்டவரு என்னையத் தள்ளல, அந்தத் தெம்புலதான் உங்க முன்னால ஒக்காந்திருக்கேன். மன்னிப்பு குடுக்கிறது, குடுக்காதது உங்க இஷ்டம். நான் கேக்கத்தான் ஏலும்."

என் வீட்டுக்காரர் அவர் எதிரில் உட்கார்ந்தார். பிறகு, இத்தனை வருஷமாக என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அன்னைக்கு எதுக்கு என்னைய அடிச்சீங்க?"

"அன்னைக்கு..."

"கவ்வாத்துல செடிய ஒடிச்சிட்டேனா? வரிசை கோணலா? நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். என்னா செஞ்சேன்னு தெரியல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணும் செய்யல தம்பி. அன்னைக்குக் காலைல துரை என்னைய ஏசினாரு. நேத்து மாதிரியேதான். திரும்பிப் பாத்தேன், நீங்க நின்னீங்க. அவ்வளவுதான்."

"எம்மேல தப்பு இல்லையா?"

"இல்ல."

"கோணலா வெட்டலையா?"

"அந்த மலையிலேயே உங்க வரிசைதான் நல்ல வரிசை."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயா என்கிற மாதிரி. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு அவரிடம் திரும்பி, அடிச்சது எல்லாருக்கும் நடுவுல, இதையும் எல்லாருக்கும் நடுவுல சொல்லுங்க என்றார். குரல் உயரவில்லை.

சொன்னார். ஆட்களை எண்ணுகிற இடத்தில், ஆபீசரும் நின்றுகொண்டிருக்க, இலங்கையில் நடந்ததை முழுதாகச் சொல்லி, இந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் கிடையாது, தப்பெல்லாம் என்னுடையது என்றார். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. க்யா ஹுவா, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்களில் ஒருவர் வந்து என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். பிறகு இன்னொருவர். ஏதோ அவருக்குப் பிள்ளை பிறந்த மாதிரி ஆளாளுக்கு வந்து தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி நின்றார்.

அன்றைக்கு அவர் நட்ட கன்று எதையும் திரும்பி வந்து பார்க்கவில்லையாம். வரிசையில் முதலில் முடித்தது அவர்தானாம். மத்தியானம் கடற்கரைக்குப் போய் நிக்கோபாரிகளிடம் பெரிய மீன் ஒன்று வாங்கி வந்து என் முன்னால் போட்டு, நல்லா ஒறப்பாக் கொழம்பு வை, அவரையும் கூப்பிட்டிருக்கேன் என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை. தேங்காய் அரைத்து, புளி கரைத்து வைத்தேன்.

சாயங்காலம் கங்காணி சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று அடுப்புப் பக்கம் வரவில்லை, விறகு எடுத்துத் தரவில்லை. வந்தார், உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நான் பரிமாறினேன். மழை விட்டிருந்தது, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். நடுவில் என் வீட்டுக்காரர் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, துழாவி, மீன் தலையைத் தன் கையால் எடுத்து அவர் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டில் மீன் தலையை அவர் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

கங்காணி அதைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு முள் மிச்சமில்லாமல் உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.